கூட வேலை பார்க்கிறவர் எப்படி?

கம்பவுண்டர் வேலையில் மிக்ஸ்சர் மருந்து கலக்குவது பெரிய காரியமில்லை. அந்த வேலை கேட்டுப் போகிற இடத்தில் வாயைத் திறப்பதுதான் பெரும்பாடு. இஸ்திரி போட்ட சட்டையோடு இன்டர்வியூவுக்கு அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த டாக்டர், ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு இருக்க மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். எனக்கோ தை மாதம் கல்யாணம். பெண்ணின் அப்பா கறாரான ஆள். "மாப்பிள்ளைக்கு வேலை இருந்தாத்தான் பந்தக்கால் ஊணுவேன்" என்றார்.

எல்லாரும் தங்கம்

முதலில் புளியங்குடி. அந்த டாக்டர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கூட வேலை பாக்கிறவன் முரண்டு பிடிச்சா என்ன செய்வீரு?" என்று ஆரம்பித்தார். ராத்திரியெல்லாம் மருந்துப் பெயர்களை உருப்போட்டுவிட்டுப் போனவன் நான். எங்கள் இடத்தில் அப்படி ஒருவரும் இல்லை, எல்லாரும் தங்கமான மனிதர்கள் என்று சொல்லிவைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தனோடயும் மனஸ்தாபம் இல்லைன்னா, நீரு வேலையே பாக்கலைன்னு அர்த்தம்வே."

உள்ளதைச் சொன்னேன்

வாசுதேவநல்லூர் டாக்டரும் அதையே கேட்டார். சரி, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று எங்கள் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சுடலைமுத்துவின் கதையை எடுத்துவிட்டேன். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்துதான் பாட்டில் கொண்டுவருவார்கள். நான் ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கிணற்றடிக்குப் போய்க் கழுவிவரச் சொல்வேன். கூட்டம் கலையவில்லை என்று சுடலைமுத்துவுக்குக் கோபம் வரும். நான் அந்தப் பக்கம் திரும்பினால் கழுவாத பாட்டிலில் அவரே மருந்தை ஊற்றிக் கொடுத்துவிடுவார். தினமும் சண்டைதான். மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இன்னைக்கு அவரைப் பத்தி எங்கிட்டச் சொல்லுதீரு. நாளைக்கு என்னைப் பத்தி யாருகிட்டச் சொல்லுவீரு?"

குழப்பம் தீர வழி

இல்லை என்றாலும் தப்பு, உண்டு என்றாலும் தப்பு. பிறகு எதைத்தான் சொல்வது? மண்டை காய்ந்துபோய், வெட்கத்தை விட்டுச் சுடலைமுத்துவிடமே போய் நடந்ததைச் சொன்னேன். பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்த மனுஷன் நிமிரக்கூட இல்லை. "என்னைத் திட்டி ஒரு வேலை போச்சு, புகழ்ந்து ஒரு வேலை போச்சு. இனி உம்மையே திட்டிப் பாரும்வே."

நான்தான் அந்த ஆள்

சங்கரன்கோவில் ரத வீதிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "எங்க இடத்துல ஒத்துப்போகாத ஆளு நான்தான்யா" என்றேன். பாட்டில் கதையையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. "நாளைக்கே வந்துரும். ஆனா எம் மூக்கு கிட்ட எதையும் நீட்டக் கூடாது."

அடுத்த ஆள்

பந்தக்கால் ஊன்றியாயிற்று, கல்யாணமும் ஆயிற்று. பழைய ஆஸ்பத்திரி மூடினதும் டிரஸ்ஸர் வேலை கேட்டு இங்கே வந்து நின்றார் சுடலைமுத்து. நான் பக்கத்து மேஜையில் ஒரு பாட்டிலை மூக்கில் வைத்தபடி நின்றேன். டாக்டர் என்னைக் கைகாட்டி, "இந்தக் கம்பவுண்டரோட உம்மால ஒத்துப்போக முடியுமா?" என்று கேட்டார். வாசுதேவநல்லூரில் நான் திட்டியதற்குச் சுடலைமுத்து இங்கே கணக்குத் தீர்த்துவிடுவாரோ?

சுடலைமுத்து என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "முடியாதுய்யா, தெனமும் சண்டைதான் வரும். ஆனா எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னா, இவரு மோந்து பாத்த பாட்டில்லதான் மருந்து வாங்குவேன்."

அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது, மறுநாள் காலையிலேயே சண்டையும் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எதுவென்று மட்டும் எங்கள் இருவருக்குமே இன்னும் தெரியாது.