மலையில்லாத ஊரின் மண்சரிவுத் திட்டம்

எங்கள் பொறியியல் பிரிவின் ஐந்தாண்டு மூலோபாயத் திட்டக் குழுவுக்கு நான் செயலாளரானதற்கு ஒரே காரணம், அந்தக் கூட்டத்துக்கு நான் போகாததுதான். மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஆய்வுகூடத்தில் வகுப்பு இருந்தது. முடித்துவிட்டு வந்தபோது பிரிவுத் தலைவர் படிக்கட்டில் நின்று வாழ்த்துச் சொன்னார்.

"உங்களத்தான் போட்டிரிக்கம் மிஸ். எல்லாரும் ஒரே குரலாச் சொன்னாங்க."

வராதவர் தலையில் வேலையைக் கட்டுவதில் எங்கள் பிரிவு காட்டிய ஒற்றுமையை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

நான் படிப்பிப்பது நீரியல். தலைவர் இளமையில் கெட்டிக்காரப் பொறியியலாளராக இருந்தவர் என்று சொல்வார்கள், இருந்திருக்கலாம். நான் சேர்ந்த பிறகு அவர் ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்ததெல்லாம் விருந்தினரோடு படம் எடுக்கத்தான். நீரோட்டத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பி பழுதாகி இரண்டு தொகுதி மாணவர்கள் வறண்ட தொட்டியைப் பார்த்துப் படித்துப் பட்டம் பெற்றுப் போனார்கள். அதற்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. திட்டத்தின் அட்டைக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் மூன்று கடிதங்கள் வந்தன.

இரண்டு நாள் செயலமர்வு பாசிக்குடாவில் ஒரு கடற்கரை விடுதியில் நடந்தது. பல்கலைக்கழகத்தில் நல்ல மண்டபம் இருக்கிறது. ஆனால் அங்கே இருந்து யோசித்தால் தூரநோக்கு வராதாம்.

கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். மெலிந்த, சுறுசுறுப்பான இளைஞர். முதல் வேலையாக ஆளுக்கொரு நிறத்தாளைக் கொடுத்து, "உங்கட பிரிவு ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகம்?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கொங்கிறீட்டை உடைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 'யானை' என்று எழுதினார். தலைவர் 'கழுகு' என்றார். நான் 'எருமை' என்று எழுதி, பிறகு பயந்து அதை வெட்டிவிட்டுக் 'கொக்கு' என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கொக்குக்காக என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

தூரநோக்கு வாசகத்துக்கு ஒரு முழுக் காலை போனது. நாம் முன்னணியில் நிற்கப்போவது தேசத்திலா, தெற்காசியாவிலா, உலகத்திலா என்று விவாதம். தேநீருக்கு முன் தெற்காசியா வென்றது. தேநீரோடு கட்லட்டும் வந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உலகத்துக்கு மாறிவிட்டார்கள். யாரும் பம்பியைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் 'சமூகப் பிரதிநிதி' ஒருவரைக் கேட்க வேண்டும் என்று ஆலோசகரின் படிவத்தில் இருந்தது. நான்தான் ஆள் தேடினேன். பழுகாமத்தில் ஒரு வயல் வட்டைக்குப் பொறுப்பாக இருக்கும் விவசாயி ஒருவர், எங்கள் மாணவர்கள் அளவை வேலைக்குப் போனபோது உதவியவர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து, பஸ் மாறி மாறிப் பாசிக்குடாவுக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சேட்டும் சாரனுமாக, குளிரூட்டிய அறைக்குள் தோளை ஒடுக்கிக்கொண்டு இருந்தார். காலையிலிருந்து காத்திருந்தவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

"மாரியில வெள்ளாமை கதிர் வராமக் குடலையா நிக்கக்குள்ள ஆத்துத் தண்ணி ஏறி வட்டைக்குள்ள வருது," என்று தொடங்கினார். கடலோரத்தில் நீண்டு கிடக்கும் வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வார்கள். "முகத்துவாரத்த மூடியிரிக்கிற மண்ண வெட்டித் தண்ணியக் கடலுக்கு விடுங்க எண்டு நாங்க கேக்கம். இப்ப வெட்டாதீங்க, றாலெல்லாம் கடலுக்குப் போயிரும் எண்டு மீன் பிடிக்கிற ஆக்கள் சொல்றாங்க. வருசா வருசம் சண்டை. வெட்டினா எங்கட பக்கம் எத்தின நாளையில தண்ணி இறங்கும்? அது தெரிஞ்சா எப்ப வெட்டுற எண்டு பேசி முடிக்கலாம். நீங்க படிச்ச ஆக்கள். அத ஒருக்கா அளந்து சொல்லுவீங்களா?"

நான் பதினைந்து வருடமாகத் தேடியும் இவ்வளவு தெளிவான ஆராய்ச்சிக் கேள்வி என் துறைக்குள்ளிருந்து வந்ததில்லை. ஆலோசகர் தலையாட்டிக்கொண்டே ஒரு மஞ்சள் தாளில் 'சமூக ஈடுபாடு' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

விவசாயி எழுந்து போய் அதைக் கிட்ட நின்று வாசித்தார்.

"தம்பி, நான் கேட்டது இதில இல்லியே."

"அதுதான் ஐயா இது. சுருக்கமாப் போட்டிருக்கிறன்."

"சுருக்கினதில தண்ணியக் காணல்லியே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் "நல்ல கருத்து, நல்ல கருத்து" என்று கைதட்டி, எல்லாரையும் படத்துக்கு வரிசையாக நிற்க வைத்தார். விவசாயியை நடுவில் நிறுத்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவரை வழியனுப்ப நான் மட்டும் வாசல் வரை போனேன்.

"நான் எழுதுறன் ஐயா. திட்டத்தில வரும்," என்றேன்.

"வந்தா நல்லம் மகள்," என்றார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

எழுதினேன். ஆராய்ச்சி முன்னுரிமைகள் என்ற அத்தியாயத்தில் முதலாவதாக அவர் கேள்வியை வைத்தேன். வாவியில் எங்கெங்கே நீர்மட்டம் அளப்பது, அதை எந்தப் பாடத்தோடு சேர்ப்பது, எந்த ஆண்டு மாணவர்கள் செய்வது, எல்லாம் எட்டுப் பக்கம். ஆலோசகரிடம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இறுதிப் பிரதி பளபளவென்று வந்தது. அப்போது பரீட்சை விடைத்தாள்கள் மேசை நிறைய இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. தொகுப்பாளர் என்று போட்டிருந்தது என்னைத்தான்.

பல்கலைக்கழகச் சபை அதை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து வாசித்தேன். முதலாவது ஆராய்ச்சி முன்னுரிமை: மண்சரிவு. இரண்டாவது: தேயிலைத் தோட்டங்களின் சரிவுப் பாதைகளைப் பலப்படுத்தல். ஆலோசகர் மலைநாட்டுப் பக்கம் வேறெங்கோ செய்து கொடுத்த திட்டத்தை எடுத்து, எங்கள் பெயரை மேலே போட்டிருக்கிறார். வாவி ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது, அட்டைப் படத்தில்.

பிரதியைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் போனேன்.

"சேர், நமக்கிட்ட மலை இல்ல."

அவர் பக்கத்தைப் பார்த்தார். அவருக்கும் அதுதான் முதல் தடவை என்பது கண்ணில் தெரிந்தது. ஒரு கணம்தான். பிறகு பிரதியை மூடினார்.

"ஆராய்ச்சிக்கு ஊர் இரிக்கா மிஸ்? உலகம் முழுக்க மலை இரிக்கிதானே."

"தேயிலைத் தோட்டம்?"

"சபை ஏத்துக்கிட்டு. இனித் திருத்திற எண்டா முதல்ல இருந்து வரணும். ஆரும் வாசிக்க மாட்டாங்க, விடுங்க."

யாரும் வாசிக்க மாட்டார்கள் என்றது மட்டும் உண்மை. அந்த நாற்காலியில் இருந்து அவர் சொன்னவற்றில் அதுவரை நிரூபிக்கப்பட்டது அதுதான். விட்டேன். ஏழு மாதம் விட்டிருந்தேன்.

தர மதிப்பீட்டுக் குழு வந்தபோதுதான் ஒருவர் வாசித்திருந்தார். வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியை. பிரதியில் மூலை மடித்து வைத்திருந்தார்.

"உங்கள் மண்சரிவு ஆய்வுகூடத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

தலைவர் கண் இமைக்கவில்லை. "அது எங்கட எதிர்காலத் திட்டம். இவ விளக்குவா," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எழுந்தேன். பொய் சொல்ல ஒன்றிரண்டு வசனம் ஆயத்தமாகவே வாயில் நின்றது; அந்த ஒரு வருடத்தில் அந்த மொழி எனக்கும் படிந்திருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயல். அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"அந்த அத்தியாயம் வேறொரு இடத்துத் திட்டத்தில் இருந்து வந்தது, மடம். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன். எங்களுக்கு மலை இல்லை. வாவி இருக்கிறது. அதைப் பற்றி எழுதியது என்னிடம் இருக்கிறது."

பேராசிரியை பேனையை மூடி வைத்துவிட்டு, "அதைக் கொண்டு வாருங்கள்," என்றார்.

குழுவின் அறிக்கையில் எங்கள் பிரிவின் 'பரந்த தேசிய நோக்கு' பாராட்டப்பட்டிருந்தது. ஆராய்ச்சி முன்னுரிமைகளை மீளாய்வு செய்ய ஒரு குழு அமைக்கும்படியும் ஒரு வரி. அது பேராசிரியை எழுதியதாக இருக்க வேண்டும். குழு அமைந்தது. என்னைச் சேர்க்கவில்லை. தலைவர் அந்தத் தவணை முழுக்க என்னிடம் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார். கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றதால், வாரத்தில் இரண்டு பிற்பகல் எனக்கு மிச்சமானது.

அந்தப் பிற்பகல்களில் இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேரோடு வாவிக்குப் போனேன். மண்டூர்ப் பக்கமும் பழுகாமத்துப் பக்கமும் முகத்துவாரத்தடியிலும் அளவுகோல் நட்டோம். அடுத்த தொகுதி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மாரி அளந்தோம். வெட்டினால் பழுகாமத்தில் மூன்று நாளில் நீர் இறங்கத் தொடங்கும் என்று ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், எழுதி விவசாயியிடம் கொடுத்தேன். அவர் அதை வருடா வருடம் சண்டை நடக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மீனவர்களோடு பேசினார். அந்த வருடம் சண்டை இல்லாமல் ஒரு நாளைக் குறித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

முகத்துவாரம் வெட்டிய ஐந்தாம் நாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"மகள், மூணு நாள் எண்டு எழுதியிரிக்கீங்க. நாலாவது நாள்தான் இறங்கிச்சி."

"காத்து எந்தப் பக்கம் ஐயா?"

"வாடை. கடல் தண்ணிய உள்ளுக்குத் தள்ளிக்கிட்டு நிண்டிச்சி."

"அத நாங்க அளக்கல்ல ஐயா. பிழைதான்."

"அப்ப காத்தையும் அளந்து எழுதுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாணவர்களை அழைத்து, என்னிடமிருந்த அந்தப் பக்கத்தின் பிரதியை மேசையில் விரித்தேன்.