இரண்டாவது பாகம் எத்தனை நாள்?

கரண்ட் போனால் ஒரு கவலை, திரும்பி வந்தால் இரண்டு கவலை என்பதுதான் டிவி கேம் கடைத் தொழில். போனால், ஆடிக்கொண்டிருந்தவர் சண்டைக்கு வருவார். வந்தால், எந்த வேகத்தில் வருமோ, டிவியைச் சுட்டுவிடுமோ என்று ஸ்விட்சில் கை வைத்தபடி நிற்க வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டேன். கேபிள் வந்து அந்தத் தொழிலை மூடியது. அதே அலமாரியைத் துடைத்து, மூன்று டிவியும் சிடி போட்டு ஆடுகிற மெஷின் மூன்றும் வாங்கி வைத்தேன். சைக்கிளோ, சமையல் பாத்திரமோ, மைக் செட்டோ, எதையாவது வாடகைக்கு விட்டுவிட்டு அது முழுதாகத் திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

ஒரே ஆட்டம், மூன்று ஷிப்ட்

இரண்டு டிவியில் கார் ரேஸும் குத்துச்சண்டையும் ஓடும். மூலை டிவி மட்டும் கதை கேமுக்கு. நாலு பேராக ஊர் ஊராகப் போய், குகைக்குள் புகுந்து, பூதங்களோடு சண்டை போட்டு, கதையை நாமே நடத்திக்கொண்டு போகிற ஆட்டம் அது. அதற்கு ரோல் பிளேயிங் என்று பெயராம், பெங்களூரில் சிடி விற்பவர் சொன்னார். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. யாருக்கும் ஒரு வரி புரியாது.

அதைப் பிடித்துக்கொண்டவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, மூன்று பெரிய மனிதர்கள். ஒருவர் தர்மலிங்கம் அண்ணன், சுரங்கத்தில் ஆள் போகிற இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்குகிற விண்டிங் டிரைவர். இன்னொருவர் செல்வராஜ், ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பிலிருந்து வருகிறவர், சுரங்கத்தடியில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. மூன்றாவது சேகர், கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரவர் வேலை விட்டு வருகிற நேரம் வேறு வேறு என்பதால் ஒரே ஆட்டத்தை மூன்று ஷிப்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆணியில் மாட்டினார்கள். “வடக்குக் குகை, ரெண்டாவது லெவல். இடது பக்கம் முழுக்கப் பாத்தாச்சு. வௌவால் ஜாஸ்தி” என்று இறங்குகிறவர் எழுதி வைக்க, ஏறுகிறவர் படித்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஒரு நாள் சேகர் எழுதாமல் போய்விட்டார். அடுத்து உட்கார்ந்த செல்வராஜ் நேராகப் போய்ப் பூதத்தின் வாயில் விழுந்தார். மறுநாள் சேகர் படியேறும்போதே செல்வராஜ் பிடித்துக்கொண்டார்: “இன்னாய்யா ஃபிட்டரு, உங்க ஃபேக்டரில நட்டு கழண்டா நட்டுதான் போவும். எங்க எடத்துல எய்தாம போனா அடுத்தவன் மண்ட போவும்.”

நாலாவது ஆணி

சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் தன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். எல்லா டோக்கனும் வராமல் ஷிப்ட் முடியாது. தர்மலிங்கம் அண்ணன் அந்த வழக்கத்தை என் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். அலமாரிப் பலகையில் நாலு ஆணி அடித்து, கதையில் வருகிற நாலு பேருக்கும் ஆளுக்கொரு சோடா மூடியை ஓட்டை போட்டு மாட்டினார். அவர்கள் குகைக்குள் போனால் நாலு மூடியும் என் மேஜை டிராயருக்கு வரும். வெளியே வந்தால் ஆணிக்குப் போகும்.

ஆறாவது மாதம் ஒரு குகையில் கல் சரிந்தது. மூன்று பேர் வெளியே வந்தார்கள். நாலாவது ஆள், விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற கிழவர், உள்ளேயே நின்றுவிட்டார். திரையில் ஏதோ எழுத்து ஓடியது, சோகமாக ஒரு பாட்டு வந்தது. எனக்கு எழுத்துப் புரியாவிட்டாலும் பாட்டுப் புரிந்தது. “அவரு போயிட்டாருண்ணே” என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு மாதம் தேடினார்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு அடியிலும் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். பட்டன் தேய்ந்து நான் மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் கிழவர் இல்லாமலே கதையை முடித்தார்கள். மொத்தம் எட்டு மாதம். ராஜா கிரீடம் வைத்தார், வாணவேடிக்கை எல்லாம் வந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

காலி ஆணியைப் பிடுங்கிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அலமாரி துடைக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிறது என்றேன். தர்மலிங்கம் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எந்த சுரங்கத்துக்கும் ரெண்டு வழி இருக்கும், தங்கச்சி. ரெண்டாவது வழி இல்லாம எவனும் உள்ள வெட்டமாட்டான். ஆணி இருக்கட்டும்.”

சிடியை எண்ணிய ஃபிட்டர்

நாலைந்து மாதம் கழித்துப் பெங்களூர் சிடிக்காரர் இரண்டாவது பாகம் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். நான் போய் வாங்கி வந்தேன். பஸ்ஸில் கூட்டம், சிடி மேல் யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்று ரவிக்கையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். மேஜையில் வைத்ததும் தர்மலிங்கம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “இது மொதல் பாகத்த விட சின்னதா?” என்பதுதான்.

அவருக்கு அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவர் முன்னாலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மருமகன் பெங்களூரில் மாடியில் ஒரு ரூம் போட்டிருந்தான். சாமான் ஏற்ற லாரி சொல்லியாயிற்று, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் முடியுமா முடியாதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் அடித்துச் சொன்னேன், சின்னதுதான் என்று. கேசட் கடை நடத்திய காலத்தில் எந்தப் படத்தின் இரண்டாம் பாகமும் முதல் பாகத்தைவிட நீளமாக ஓடி நான் பார்த்ததில்லை. சேகர் சிடியை எண்ணினார். “அது மூணு சிடி, இது ரெண்டு. மூணுல ரெண்டு பங்கு. எட்டு மாசத்துக்கு அஞ்சு மாசம் சில்லற.” அஞ்சு மாசம் என்றதும் தர்மலிங்கம் அண்ணன் முகம் வாடிவிட்டது. என் வாய் சும்மா இருக்கவில்லை. சேகரைக் கூப்பிட வந்து வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ரோஸ்லினைச் சாட்சிக்கு இழுத்தேன். பிரசவ வார்டு நர்ஸ் அவள். “நீயே சொல்லு சிஸ்டர், மொதல் பிரசவத்த விட ரெண்டாவது சீக்கிரம்தானே?”

ரோஸ்லின் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வர்றது சீக்கிரம்தான்க்கா, வந்தப்புறம் அது படுத்துற பாடு இருக்கே, மொதல்ல விட ஜாஸ்தி.”

பெங்களூருக்கு ஒரு ஃபோன்

சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் எஸ்டிடி பூத்துக்குப் போய்ச் சிடிக்காரரையே கேட்டேன். “முதல் பாகம் உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சும்மா?” என்றார். எட்டு மாதம் என்றேன். “அம்மா, என் தம்பி அதை ஒரு வாரத்துல முடிச்சான். நீங்கள்லாம் அதுக்குள்ள குடித்தனமா பண்ணீங்க?” என்றார்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். ஒரு வாரத்து ஆட்டம் என்றால் மூன்று வாரத்தில் தாராளமாக முடியும், அண்ணனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் நிம்மதியாகவில்லை, கோபப்பட்டார்.

“ஒரு வாரமா? அப்ப அவன் ஆள வுட்டுட்டு வந்துட்டான்.”

சரோஜா அண்ணி வந்தது

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, தர்மலிங்கம் அண்ணன் மனைவி சரோஜா அண்ணி கடைக்கு வந்தார்கள். முந்தானையெல்லாம் சாமான் கட்டுகிற வைக்கோல். திரையில் கதையின் மிச்ச மூன்று பேரும் ஒரு குகையின் கடைசிச் சந்தில் ஒரு சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள். சுவர் திறக்கவில்லை.

“தனியாத்தான் அங்க போய் ஆடிக்கங்களேன், மாப்ள கிட்ட சொன்னா ஒரு மிஷினு வாங்கிக் குடுக்கமாட்டாரா?” என்று சேகர் சமாதானத்துக்குச் சொன்னார். “தனியா ஆட நான் இன்னா பச்சப் புள்ளயா? நோட்டு எழுதிவெச்சா யாரு படிப்பா அங்க?” என்றார் அண்ணன்.

அண்ணி என் பக்கம் திரும்பினார்கள்: “முப்பது வருசம் சுரங்கத்துல மத்தவங்க புருசன எல்லாம் மேல ஏத்திவுட்டாரும்மா. என் புருசன இந்தக் குகைலேர்ந்து ஏத்த ஒரு ஆளு இருக்கா பாரு.”

ஷிப்ட் மாற்றம்

கடைசி வாரம் நோட்டைப் புரட்டினேன். செல்வராஜின் பக்கத்தில் ஒரே வரி: “இன்று என் ஷிப்ட் தர்மலிங்கம் அண்ணனுக்கு.” மறுநாளும் அதேதான். சேகரின் பக்கத்திலும் அதே வரி, ஃபிட்டர் என்பதால் அடியில் கோடு போட்டு. அப்படியும் முதல் சிடியில் பாதி தாண்டவில்லை. சேகருக்குப் பொறுக்கவில்லை. “சந்து பொந்தெல்லாம் வுடுங்கண்ணே. ரோட்டோட போனா ஞாயித்துக்கெழமைக்குள்ள ராஜாவப் பாத்துடலாம்” என்று கெஞ்சினார்.

கேஜில் ஆள் இருந்தால் மெதுவாக இறக்க வேண்டும் என்பது அண்ணன் விரலில் ஊறிய பழக்கம். பட்டனைக்கூட அவர் அப்படித்தான் அழுத்துவார். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ராஜா எங்கயும் போவமாட்டாரு, சேகரு.”

பத்தொன்பதாம் நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாளைக்குச் சாமான் கட்டி முடித்து, நாளன்னைக்கு லாரி. அண்ணன் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் போய் நின்றார். ரோட்டோடு போகிறவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. அங்கே ஒரு சின்னக் குடிசை. கதவைத் தட்டினார். ஒரு கிழவர் வெளியே வந்தார்.

“தாடி முழுசா வெள்ளையா கீதே, இது அவரு இல்லண்ணே” என்றார் செல்வராஜ். கரண்ட் போய்விடக் கூடாதே என்று ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழவர் உள்ளே போய் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அதே விளக்கு. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார், பழைய இடத்தில். அவருடைய பழைய பாட்டும் வந்தது.

தர்மலிங்கம் அண்ணன் எழுந்து என் மேஜைக்கு வந்து கையை நீட்டினார். டிராயரைத் திறந்து சோடா மூடியைக் கொடுத்தேன். நாலாவது ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை பார்த்தார். “எப்படிண்ணே வெளிய வந்தாரு? நாமதான் எல்லா சொவுரும் தட்டினோமே?” என்றார் செல்வராஜ். “ரெண்டாவது வழி இருந்திருக்கு. நம்ம கண்ணுலதான் படல” என்றார் அண்ணன்.

பிறகு ஆடுகிற பட்டன் பெட்டியைச் சேகர் கையில் கொடுத்தார். நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தார். “இன்னும் ரெண்டு நாள் இருக்கேண்ணே, ஆடுங்க” என்றேன். கதை பாதிகூட ஆகவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “ஆளுங்க எல்லாம் மேல வந்துட்டா விண்டிங் டிரைவருக்கு வேற இன்னா வேல? நீ சொன்னது சரிதான் தங்கச்சி. எனக்கு ரெண்டாவது பாகம் பத்தொன்பது நாள்தான்.”

ஞாயிற்றுக்கிழமை லாரி போனது. அப்புறம் சுரங்கமும் மூடியாயிற்று. செல்வராஜ் இப்போது விடிகாலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறார். ஊரில் ஷிப்ட் சங்கு நின்றுவிட்டது, என் கடையில் மட்டும் ஷிப்ட் நிற்கவில்லை. எழுதிய நோட்டுகளை அண்ணனுக்கு அவர்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அண்ணன் படித்துவிட்டு ஓரத்தில், “வலது பக்கம் இன்னொரு தரம் பாக்கவும்” என்று பென்சிலில் எழுதி அனுப்புகிறார், இவர்களும் பார்க்கிறார்கள். அதனால் பதினோராவது மாதமாக ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலும், இரண்டாவது பாகம் சின்னதுதான் என்று நான் சொன்னால் சொன்னதுதான்.