பிலோமினாவுக்கென்று ஒருவர்

செவ்வாய்க்கிழமை காலை திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. வந்தவர் ரோசலினின் கணவர். "மச்சாள் போயிட்டா, அண்ணை. தேத்தண்ணி வைக்க எழும்பினவ, குசினிக்கையே விழுந்திட்டா," என்றார். ரோசலின், செல்வி திரேசா அவர்களின் தங்கை. நான் படலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். சட்டையை எடுத்துத் தந்து, "வாங்கோ, நானும் வாறன்" என்று என்னைக் கூட்டிப் போனவள் என் மனைவி ஞானம்மாதான்.

திரேசா அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்தவர். நகரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய முகம் தெரியாது, குரல் தெரியும். நான் அங்கே கிளாக்கராக இருந்தேன். சுதந்திரம் கிடைத்த புதிதில் இரண்டு வீட்டாரும் எங்களுக்குக் கலியாணம் பேசினார்கள். ஏறக்குறைய முற்றாகியும் விட்டது.

அந்த மாரியில் கடலுக்குப் போன அவருடைய தகப்பனார் திரும்பவில்லை. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். அப்போது எங்கள் கோயிலின் பக்கப் பீடத்தில் புனித பிலோமினாவின் சுரூபம் இருந்தது. கையில் அம்பு, காலடியில் நங்கூரம். ஆதித் திருச்சபைக் காலத்துச் சிறுமி என்பார்கள். தன்னைக் கிறிஸ்துவுக்கே கொடுத்துவிட்டதால், உரோமைப் பேரரசன் பெண் கேட்டும் மாட்டேன் என்றாராம். நங்கூரத்தில் கட்டி ஆற்றில் எறிந்தார்கள். வானத்துச் சம்மனசுகள் இறங்கி வந்து கயிற்றை அறுத்துக் கரைசேர்த்தன. அம்பு எய்தார்கள், எய்தவர்களையே அது திருப்பித் தாக்கியது. கடைசியில் தலையை வெட்டினார்கள். நங்கூரம் வைத்திருப்பவர் என்பதால் எங்கள் கடற்கரைச் சனத்துக்கு அவர் சொந்தக்காரி மாதிரி. அவருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் வள்ளம் இறக்க மாட்டார்கள்.

திரேசா அவர்கள் அந்தச் சுரூபத்தின் முன் முழங்காலில் நின்று, அப்பா உயிரோடு வந்தால் உம்மைப் போலவே கன்னியாக இருப்பேன் என்று நேர்ந்துகொண்டார். அப்பா வந்தார். காற்று இழுத்துப் போய் ஈச்சிலம்பற்றுக் கரையில் வள்ளம் ஒதுங்க, அங்கிருந்த வயற்காரர்கள் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றி அனுப்பியிருந்தார்கள். கடற்கரை முழுக்க வெடி கொளுத்தினார்கள். நான் மட்டும் இடி விழுந்தவன் போல நின்றேன். பேரரசனையே மாட்டேன் என்ற புனிதையின் ஆள். தபால் கந்தோர்க் கிளாக்கர் எம்மாத்திரம்!

அதன் பிறகும் ஒரே கந்தோரில்தான் இருந்தோம். கடலுக்குப் போனவரைக் காணவில்லை என்று கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் வருவார்கள். திரேசா அவர்கள் கரையோரத் தபால் கந்தோர்களையெல்லாம் அழைத்து, "வள்ளம் ஏதும் ஒதுங்கினதோ?" என்று விசாரிப்பார். "மிஸ், இது கந்தோரோ, கோயிலோ?" என்று பகிடி பண்ணுவேன். "ரெண்டும்தான். அங்க ஆக்கள் நிக்கினம், நீங்கள் முத்திரையைக் குடுங்கோ" என்பார். நான் வேறு இடத்தில் பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லை. என் அம்மா ஒப்பாரி வைக்காத குறைதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவாமியார் பிரசங்கத்தில் உரோமையிலிருந்து வந்த அறிவித்தலைச் சொன்னார். பிலோமினாவின் திருநாள் நாட்காட்டியிலிருந்து எடுபட்டுவிட்டதாம். பழைய நிலத்தடிக் கல்லறை ஒன்றில் எலும்பும் ஒரு பெயரும் கிடைத்ததைத் தவிர, மற்றக் கதைக்கு ஆதாரம் இல்லையாம். சில நாட்களில் சுரூபம் பக்கப் பீடத்திலிருந்து இறங்கிப் பின்னறைக்குப் போனது. கடற்கரைப் பெண்கள் அழுதார்கள். திருகோணமலையில் அன்று சந்தோசப்பட்ட ஒரே கத்தோலிக்கன் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிஸ்ஸின் நேர்ச்சை இனியும் செல்லுமோ என்று சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். விரும்பினால் நேர்ச்சையிலிருந்து விடுதலை வாங்கலாம் என்றார். நேரே திரேசா அவர்களின் வீட்டுக்கு ஓடினேன். இருங்கோ என்று அவர் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"மிஸ், இல்லாத ஒராளுக்கு நேர்ந்தது எப்பிடி நேர்ச்சையாகும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் என்மேல் விருப்பம் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நானும் அதைத்தான் யோசிச்சனான். நித்திரையே இல்லை. என்ர இவ்வளவு காலமும் ஆருக்குப் போனது எண்டு," என்றார். "ஆனா அப்பா கரைக்கு வந்தவர்தானே. இப்ப எல்லாரும் அவவை இல்லையெண்டு விட்டிட்டினம். அவவுக்கெண்டு ஒராளாவது இருக்க வேண்டாமோ?"

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு ஆள் வரும். நீங்கள் கலியாணம் கட்டுங்கோ. நான் வந்து பந்தலில நிண்டு வேலை செய்வன்."

சொன்னபடியே செய்தார். எனக்கும் ஞானம்மாவுக்கும் நடந்த கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டவர் அவர்தான். ஞானம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவளும் அவரை ஒருநாளும் வேறாக நினைக்கவில்லை. வருடந்தோறும் ஆகஸ்டில், அந்தப் பழைய திருநாளன்று, திரேசா அவர்கள் வெள்ளைச் சேலை உடுத்திக் கந்தோருக்கு வருவார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

எங்களில் கலியாணமாகாமல் இறந்த பெண்ணுக்கு வெள்ளை உடுத்தி, தலையில் பூமுடி வைத்துத்தான் பெட்டியை மூடுவோம். திரேசா அவர்களுக்கும் ரோசலின் பூமுடியை வாங்கிவிட்டார். ஆனால் வைக்கத் தயங்கினார். "ஐம்பது தாண்டின மனிசிக்கு இதை வைச்சா சனம் சிரிக்காதோ, அக்கா?" என்று ஞானம்மாவிடம் கேட்டார்.

ஞானம்மா அதைக் கையில் வாங்கினாள். "ஆர் சிரிக்கிறது? இதுக்காக அவ எதை விட்டவ எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். நரைத்த தலையைக் கோதிவிட்டு, பூமுடியைத் தானே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வந்து பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். போய் வாருங்கள், மிஸ், என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிலோமினாவிடம் நான் என் ஆயுளில் ஒருதரமும் மன்றாடியதில்லை. எனக்கு அவர் எதிராளி. அன்று அந்தப் பெட்டியருகே நின்று மன்றாடினேன். தாயே, நீர் கட்டாயம் இருக்கவேண்டும். எங்கள் திரேசா உம்மிடம் வருகிறார்.