ஐஸ் பெட்டியில் போன புத்தகங்கள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சென்னையில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ ஆராய்ச்சி நூலகத்தில் ஓர் அலமாரி நிறைந்திருக்கிறது என்றால், அதற்கு நான்தான் காரணம். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தவன், இன்று நான்கு படகுக்குச் சொந்தக்காரன். அடக்கமாகப் பேச எனக்கு வராது.

எங்கள் தீவுக் கிராமத்தில் ஒரு போதகர் இருந்தார். கிரேக்கம், எபிரேயம் எல்லாம் கற்றவர். அவர் காலமானதும், புத்தகங்களை அந்த நூலகத்துக்குக் கொடுக்க அவர் மனைவி முடிவு செய்தார். மழையில் பாதை மூழ்கியிருந்தது, வீடும் ஒழுகியது. நான் படகும் ஏழு தெர்மாகோல் பெட்டியும் கொண்டுபோனேன்.

"இன்னாண்ணா, எறா பெட்டிலயா?" என்றார் அந்த அம்மா.

"எல்லாம் புதுசும்மா. என் எறா கடல் தாண்டியே கெடாம போவுது. புஸ்தகம் மெட்ராஸ் போவாதா?"

"அவரு வேற எதுவும் விட்டுட்டுப் போவலண்ணா."

நடு ஏரியில் கோல் ஊன்றிக்கொண்டிருந்த என் மச்சான் கேட்டான்: "மாமா, பெட்டி ஓட்டைய அடச்சியா?"

ஐஸ் உருகிய தண்ணீர் வடிய, பெட்டி வாங்கியதுமே அடியில் துளை போடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் வெளியே போகும் துளையாகவே அதைப் பார்த்துப் பழகியவன் நான். உள்ளேயும் வரும் என்று தோன்றவில்லை. படகின் அடியில் கசிந்த ஏரித் தண்ணீர் நாலு விரல் நின்றது.

"கடல் தாண்டுற பெட்டி, ஏரி தாண்டல," என்றான் மச்சான்.

"வாய மூடிக்கினு தூக்கு."

பெட்டிகளைக் குறுக்குப் பலகைமேல் ஏற்றி, என் வேட்டியைக் கிழித்துத் துளைகளை அடைத்தேன். அரை வேட்டியோடு கரை ஏறினேன். நனைந்தது ஒரே ஒரு புத்தகம்.

மறைத்திருக்கலாம். ஆனால் நூலகத்தில் அதைத்தான் முதலில் எடுத்து வைத்து, "என் தப்பு" என்றேன். நூலகர் அம்மா கோபப்படவில்லை. தாளுக்குத் தாள் மை ஒற்றும் காகிதம் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார்: பல வருடமாக அவர்கள் தேடிய இரண்டு புத்தகங்கள் என் பெட்டிகளில் இருந்தனவாம். நனைந்தது அதில் ஒன்று.

போதகரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் கணவர் பெயர் ஒட்டியிருந்தது. "எதுண்ணா நனைஞ்சது?" என்றார். தலைப்பைப் படிக்காமலே உருவினேன். அடியில் பழுப்பாக எங்கள் ஏரியின் கோடு. அந்த நேரம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்து அதையே கேட்டு வாங்கி, மேசையில் விரித்து எழுதத் தொடங்கினாள்.

போதகரின் மனைவி அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர் திரும்ப வேண்டிய பொன்னேரி ரயில் போனால் போகட்டும் என்று நானும் நின்றேன்.