செங்கோடன் சென்னைக்குப் போகாத வருஷம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் கடலைக்காயைக் காயப்போட்டுவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாமக்கல் பஸ்ஸில் வந்திறங்கிய தாலுகா ஆபீஸ் சேவகர் வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். உள்ளே வரவில்லை. "ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க, வாங்க" என்றேன். "அம்மணி, நம்ம செங்கோடன் செத்துப் போனாருங்க" என்றார்.

"எந்தச் செங்கோடன்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு செங்கோடன் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொன்னால் ஒரே ஆள்தான். அது தெரிந்தும் கேட்டேன். வேறு யாராவது ஒரு செங்கோடனைச் சொல்லிவிடமாட்டாரா என்றுதான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முந்தின நாள் சாயந்திரம்கூட நாமக்கல்லில் மூன்று ஆட்டம் டென்னிஸ் ஆடியிருக்கிறான். காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டானாம். அவன் சம்சாரம் பழனியம்மாள் சொம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டான். நாற்பது வயது நிரம்பவில்லை. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. இதை எழுதும்போதுகூட, நான் யாரையோ பற்றித் தப்பாக எழுதிக்கொண்டிருப்பதுபோல் கை நிற்கிறது.

சேலத்து நண்பர்கள் அவன் ஞாபகமாகச் சின்னப் புஸ்தகம் ஒன்று போடுகிறார்களாம். அவன் ஆட்டத்தைப் பற்றி எழுத அவர்களில் பலர் இருக்கிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அவன் ராக்கெட்டைப் பிடித்த தினுசைப் பற்றி எனக்கு எழுத வராது. ஆனால் நான் மட்டுமே சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு முன்பு கேட்டிருந்தால், அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

செங்கோடன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன். என்னை அக்கா என்பான், என் வீட்டுக்காரரை மாமா என்பான். வீட்டுக்காரருக்குச் சேலத்தில் அஸ்தம்பட்டி கிளப்புக்குப் போய்ப் போய் டென்னிஸ் பைத்தியம் பிடித்திருந்தது. வாரம் ஒருதரம் சேலம் போனால் போதவில்லை. எங்கள் நெல் அடிக்கும் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கற்றாழை நாரில் வலை பின்னச் சொல்லி, நடுவில் கட்டிவிட்டார். சாணி போட்டு மெழுகிய களம். பந்து நன்றாக எழும்பும். துணைக்கு ஆள் வேண்டுமே என்று செங்கோடனைக் கூப்பிட்டார். ஒரு வருஷம் அவனுக்கு இவர் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருஷம் அவனிடம் தோற்றார். அதற்கடுத்த வருஷம், "நீ இடது கையில ஆடுடா, நான் வலது கையில ஆடறேன்" என்று பேரம் பேசினார். அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் இருக்கும். ஒரு மாதம் ஆட்டம் கிடையாது. அந்த ஒரு மாதமும் இரண்டு பேரும் பல்வலிக்காரர் மாதிரி உம்மென்று திரிவார்கள்.

பிறகு அவனுக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை ஆயிற்று. கல்யாணம் ஆயிற்று. ஆட்டம் மட்டும் விடவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் நாமக்கல்லிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவான். ஆடி முடித்து இரண்டு பேரும் கிணற்று மேட்டில் உட்காருவார்கள். பத்திரிகை மடியில் இருக்கும். இந்த வருஷம் சீமையில் நடக்கும் பெரிய போட்டியில் யார் ஜெயிப்பார் என்பதுதான் பேச்சு. அமெரிக்காக்காரனா, ஜெர்மனிக்காரனா, ஆஸ்திரேலியாக்காரனா என்று, நேரில் பார்க்காத ஆட்களுக்காக மோர் புளித்துப்போகும் அளவுக்குச் சண்டை நடக்கும்.

ஒருநாள் வீட்டுக்காரர், "போன வருசம் செயிச்சவந்தான் இந்த வருசமும். அவனை அடிக்க ஆரு இருக்கறா?" என்றார்.

"அவரு இனிமேப் பேரே குடுக்க முடியாதுங்க மாமா. காசுக்கு ஆடப் போயிட்டாரு. காசு வாங்கி ஆடுனவங்களைப் பெரிய போட்டிக்குள்ளார உடமாட்டாங்க."

"அட, அவன் ஆட்டம் அதே ஆட்டந்தானடா?"

"ஆட்டம் அதேதானுங்க. நல்லா ஆடறவன் ஒருத்தன், ஆட உடறது இன்னொருத்தனை. ரெண்டு பேரும் ஒரே ஆளாயிருந்தாத்தான் கோப்பை."

நான் மோர்ச் சொம்போடு நின்றிருந்தேன். "சாமி, அவங்கல்லாம் காசுக்குப் போவட்டும். அந்த எடம் உனக்காச்சுன்னு வெச்சுக்கோ" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவன் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். யாரை உள்ளே விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்பது என் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், அஸ்தம்பட்டி கிளப்பில் ஜில்லாப் போட்டி. கடைசி ஆட்டம் செங்கோடனுக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கும். பெண்பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போனதும் இல்லை. நானும் என் நங்கையும், அதாவது வீட்டுக்காரரின் அக்காவும், வேலிக்கு வெளியே நிறுத்திய காருக்குள்ளிருந்து பார்த்தோம். துரை ஒவ்வொரு தரமும் அடிப்பதற்கு முன் பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பார்ப்பார். "எனத்துக்கு அத்தனை தட்டு தட்டறாரு? தேங்காயா வாங்கறாரு?" என்றார் நங்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்திருந்தேன். செங்கோடன் ஜெயித்தான். துரை வலையைத் தாண்டி வந்து கை கொடுத்தார். இவன் வேட்டி கட்டியிருந்தால் எப்படி நிற்பானோ, அப்படியே கால்சட்டையிலும் மற்றக் கையை மார்போடு மடித்துக்கொண்டு நின்றான்.

ஜில்லாவில் ஜெயித்தவன் சென்னைப் பட்டணத்துப் பெரிய போட்டிக்குப் பேர் கொடுக்கலாம். அங்கே பேர் வாங்கினால் வடக்கே போகலாம், அதற்கப்புறம் சீமைக்கும் போகலாம் என்று வீட்டுக்காரர் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். சேலத்திலிருந்து திரும்புகிற வழி பூராவும் நான் சீமைக்குப் போகிறவனுக்கு என்ன பலகாரம் கட்டிக்கொடுப்பது என்றுதான் யோசித்தேன்.

அடுத்த வாரமே என் தலைப்பேரனுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் பந்தல், பத்து ஊர் ஜனம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேரன் ஒரு பக்கம், செங்கோடன் ஒரு பக்கம். சீர் எல்லாம் முடிந்த பிறகு, எங்கள் பட்டியிலேயே நல்ல கறவைப் பசுவைக் கன்றோடு குளிப்பாட்டி, கொம்பில் மஞ்சள் பூசி, சபைக்கு ஓட்டிவரச் சொன்னேன். எங்களில் சும்மா கொடுப்பது வழக்கமில்லை. யாருக்கு, எதற்கு என்று சபையில் சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்போம். சொல்லாமல் கொடுத்தால் அது பிச்சை. சொல்கிறவரிடம் நானே வார்த்தையை எடுத்துக்கொடுத்தேன். அவரும் கோயில் மணி மாதிரி முழங்கினார்:

"பந்தாட்டத்துல துரையைச் செயிச்சதுக்கு, நம்ம செங்கோடனுக்கு, அக்கா கையால கன்னோட கறவை மாடு!"

செங்கோடன் முன்னால் வந்தான். கயிற்றை நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, இதை ஊட்டுல வெச்சுக் குடுத்திருக்கலாமுங்க" என்றான்.

"ஏஞ் சாமி, ஒளிச்சுக் குடுக்கறதுக்கு நானென்ன திருட்டு மாடா ஓட்டியாந்தேன்?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான். குனிந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷம் அவன் சென்னைக்குப் போகவில்லை.

ஏன் என்று கேட்டதற்கு, "லீவு இல்லீங்க" என்றான். வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொல்கிறேன் என்றார். "வேண்டாமுங்க மாமா" என்றான். அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கப்புறம் யுத்தம் வந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. துரையை ஜெயித்தவன், பட்டணத்தைக் கண்டு பயந்துவிட்டான் என்று தீர்மானம் செய்துகொண்டேன். தீர்மானம் செய்தால் வாயை மூடிக்கொண்டிருக்கிறவள் இல்லை நான். விசேஷத்துக்கு விசேஷம் சொன்னேன். உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் பந்தியில் பரிமாறிக்கொண்டே, அவன் இலைக்கு முன்னால் நின்று, "கொஞ்சமாப் போடுங்க, நம்ம செங்கோடன் பெரிய எலையைக் கண்டாப் பயந்துக்குவான்" என்றேன். வரிசையே சிரித்தது.

அவன் தலையைத் தூக்கி, "ஆமாங்க்கா, பட்டணம்னாலே எனக்குக் கால் நடுங்குது. ரசம் மட்டும் ஊத்துங்க" என்றான்.

பத்து வருஷம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். என் பேரன் இப்போது அதே களத்தில் ஆடுகிறான். நன்றாகவே ஆடுகிறான். அவனிடமும், "செங்கோடன் மாதிரிக் கடைசில பின்வாங்கிராத சாமி" என்று சொல்லியிருக்கிறேன். அதையும் செங்கோடனை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அவன் போன மூன்றாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தோம். ஆபீஸில் ஏதோ காகிதம் கேட்டார்கள் என்று பழனியம்மாள் அவன் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரித்து வைத்தார். ஒரு காகிதத்தை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அச்சடித்த இங்கிலீஷ் காகிதம், குறுக்கே சிவப்பு மசியில் ஒரு கோடும் எழுத்தும்.

"என்னுங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு? படிங்க."

சென்னைப் போட்டிக்குப் பேர் கொடுக்கும் காகிதம் அது. பேர், ஊர், வயசு எல்லாம் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒரு கேள்வி அச்சடித்திருந்தது. வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்: 'விளையாடியதற்காகப் பணமோ பொருளோ எப்போதாவது பெற்றதுண்டா?' அதற்கு எதிரே செங்கோடன் தன் கையால் இங்கிலீஷில் எழுதியிருந்தான்: 'ஆம். கன்றுடன் கறவைப் பசு ஒன்று.'

சிவப்பு மசியில் எழுதியிருந்தது ஒரே வரி. இவர் பொருள் பெற்று ஆடுகிறவர், பேர் சேர்ப்பதற்கில்லை.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "சம்பளம் வாங்கி ஆடறவனைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். மாட்டையும் சேத்துக்குவாங்கன்னு நான் கண்டனா?" என்றார்.

பழனியம்மாள்தான் பேசினாள். அழுகையில்லாத குரல். "அப்பவே நான் சொன்னனுங்க. இல்லைன்னு எழுதிப்போடுங்க, பட்டணத்துல ஆருக்கு நம்ம மாட்டைத் தெரியும்னு. 'வாங்கினதை வாங்கலைன்னு எப்படி எழுதறது'ன்னாரு. அப்படின்னா மாட்டை ஓட்டிட்டுப் போயி உட்டுட்டு வாங்கன்னேன். 'சபைல குடுத்ததைத் திருப்பி ஓட்டுனா அக்கா மூஞ்சி என்னாகும்'னாரு. அவருக்கு அது அன்னைக்குப் பந்தல்லயே தெரியுமுங்க. கயித்தை வாங்கறப்பவே தெரிஞ்சுதான் வாங்கினாரு."

அவன் இரண்டு தரம் கையைத் துடைத்தானே, அவ்வளவு நேரம்தான் அவனுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் ஒரு பக்கம் சென்னை, வடக்கு, சீமை எல்லாம் இருந்திருக்கிறது; இன்னொரு பக்கம் கயிற்றை நீட்டிக்கொண்டு நான் இருந்திருக்கிறேன். அந்த மாடு கொடுத்த பாலில் அவன் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடு கொடுத்தவளே மறித்தவள் என்று அவன் வீட்டில் ஒருத்தர்கூட என்னிடம் முகம் கோணியதில்லை. போகும்போதெல்லாம் அந்த மாட்டுப் பாலில்தான் எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.

"ஏம்மிணி, நீயாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக்கூடாதா? அத்தனை பேச்சு பேசினனே" என்றேன்.

"சொன்னா நீங்க பேசறதை நிறுத்திருவீங்கன்னாரு. 'அக்கா திட்டுனா ஊடு கலகலன்னு இருக்குது, உடு'ன்னாரு."

அவன் சென்னைக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. அங்கே அவனைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் இருந்திருக்கலாம். முதல் நாளே தோற்றுத் திரும்பியிருக்கலாம். தோற்பதற்கும் உள்ளே விட வேண்டும் அல்லவா? அதைக்கூட நான் விடவில்லை.

மாட்டைச் சபையில் கொடுத்தேன். பழியையும் சபையில்தான் போட்டேன். அதனால் இதையும் அவனைத் தெரிந்த எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். செங்கோடன் பயந்து நின்றவன் இல்லை. நான் பத்து ஊரில் சொன்னது பொய். யார் யார் அந்தப் பேச்சுக்கு என்னோடு சேர்ந்து சிரித்தீர்களோ, அவர்கள் தயவுசெய்து இதையும் நாலு பேரிடம் சொல்லுங்கள். என் பேரனிடம் நான் சொல்லிவிட்டேன். அவன் ராக்கெட்டை உறையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அன்று சாயந்திரம் களத்தில் ஆட்டம் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பழனியம்மாளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. 'ஆம்' என்பது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். மூன்றே எழுத்து. கை நடுங்காமல், கோணல் இல்லாமல், பக்கத்து எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறான். இங்கிலீஷில் எனக்கு அடையாளம் தெரிந்த எழுத்து அந்த மூன்றுதான். செங்கோடனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதுதான்.