மேடத்தின் இடது கை

பெய்ரூத்தில் பதினாறு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஹிமாயாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு பெயர் உண்டு: கல்நெஞ்சுக்காரி. ஒரே மகள் நதீராவின் கலியாணத்தில்கூட அவள் கண் நனையவில்லையாம். அடுத்தவள் கண்ணீரை அளந்து பார்க்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை எடுக்க முடியாத இடம் இது. அந்த வீட்டுக்காகத்தான் மூன்று வயதுப் பிள்ளையைத் தங்கை முஸ்பிறாவிடம் விட்டுவிட்டுப் போனாள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இப்போது நதீராவுக்கு ஒன்பதாம் மாதம். பிள்ளை பிறந்தால் நாற்பது நாளும் கூட இருந்து பார்ப்பது உம்மாவின் வேலை. ஹிமாயா மருந்துச் சரக்கெல்லாம் வாங்கிக் காயவைத்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் விட்டதை அந்த நாற்பது நாளில் பிடித்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை. நதீராதான் இன்னும் வாய் திறந்து கூப்பிடவில்லை.

ஒருநாள் அசர் தொழுதுவிட்டு எழும்பும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. பெய்ரூத்தில் அவள் வேலை செய்த வீட்டு மேடத்தின் மகன் அனுப்பியிருந்தான். மேடம் போய்ச் சேர்ந்துவிட்டா. அவவின் நினைவுக்கு வாசித்தது இது என்று அரபியில் சொன்னான்.

மேடம் தினமும் காலையில் பியானோவில் வாசித்த அதே இசை. முன்னூறு வருஷப் பழசு. ஒரு மெட்டை எடுத்து முப்பது விதமாக மாற்றிப் போட்டது. வீடியோவில் பியானோ இல்லை. மேடத்தின் இரண்டு கைகள் செய்ததை வயலின்காரர் மூன்று பேர் பங்கு போட்டு வாசித்தார்கள். நிலத்தில் ஊன்றிய பெரிய வயலின் அடிக்குரலில் தொடங்கியதும் ஹிமாயா உடைந்துபோனாள்.

"மேடத்துட இடக் கை," என்றாள், வாசலில் நின்ற நதீராவிடம். "வாதம் வந்த பொறகு மூணு வருஷம் இந்தக் கை வாசிக்கல்ல மகள்."

தோள் குலுங்க அழுதாள். நதீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் இவ்வளவு கிட்ட உட்கார்ந்து எத்தனை நாள்! ஹிமாயாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. இந்தத் துள்ளலை மேடம் வேகமாக வாசித்தால் மனசு நல்லாயிருக்கிறது, பேச்சுக் கொடுக்கலாம். இந்தச் சோகமானதை இழுத்தால் முழங்கால் நோவு, எண்ணெய் சூடாக்க வேண்டும். இதிலே தடுமாறினால் இரவு தூங்கவில்லை. முகத்தைப் பார்க்காமலே, குசினிக்குள் சமைத்தபடியே எல்லாம் தெரியும். நாற்பது நாள் பார்க்க இதைவிடத் தகுதி என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவி.

நதீரா கடைசிவரை கேட்டாள்.

"எனக்கு நோவு வந்தா நான் எப்பிடிப் படுப்பன் உம்மா?"

ஹிமாயா போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"நாப்பது நாளைக்கும் முஸ்பிறா சாச்சி வரட்டும்," என்றாள் நதீரா. குரலில் கோபம் இருந்திருந்தால் ஹிமாயா தாங்கியிருப்பாள். இல்லை. பிள்ளை களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

மகளே தன் வாயால் சாச்சியைக் கூப்பிட்டால் ஊர் ஒன்றுக்கு ஒன்பதாகக் கதைக்கும். ஆகவே ஹிமாயாவே தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

"நீங்க இரிக்கக்குள்ள நான் என்னத்துக்கு ராத்தா?" என்று கேட்டாள் முஸ்பிறா.

"அவள் என்னத்தான் கூப்பிட்டாள். எனக்கு நாரி நோவு, குனிய முடியாது. நான்தான் ஒன்னச் சொன்னன்."

முஸ்பிறா நம்பிவிட்டாள். அப்போதே உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நோவு வந்தா அவள் குப்புறப் படுத்துத் தலகாணியக் கடிப்பாள். இப்ப வயித்தோட அது ஏலாதே, என்ன செய்யப் போறாளோ. அந்த நேரம் கதைக்கப்படா, உள்ளங்கால மட்டும் தேய்ச்சுவிடோணும். ஒங்களுக்குத் தெரியும்தானே ராத்தா?"

"தெரியாம?" என்றாள் ஹிமாயா.