எண்பத்துநான்காவது தொழிற்சாலை

கல்லூரியில் கணக்கியல் பாடம் எடுக்கும் அவளைக் கணக்கு டீச்சர் என்பார்கள். வயது நாற்பத்தெட்டு, ஒன்பது வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னுமா முடியல?" என்று கேட்காத வாய் அந்தக் கட்டடத்தில் இல்லை.

நஷ்டத்தைக் கணக்காளர்கள் ஏன் அந்தந்த வருடமே காட்டாமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. எண்பத்துநான்கு தொழிற்சாலைகளின் படியேறிக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினாள். குறிப்புகளைக் கொண்டுபோய் வைத்தபோது வழிகாட்டிப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெறும் தகவல் மூட்டைம்மா. ஏன் அப்படிச் செய்றாங்கன்னு சொல்ற கோட்பாடு எங்க?"

கோட்பாடு புத்தகத்தில் தயாராக இருந்தது: பேனா பிடித்தவன் தன் லாபத்துக்கே எழுதுவான். போனஸ், பதவி உயர்வு என்று தேடினால் எண்பத்துமூன்று இடங்களில் ஏதோ ஒன்று சிக்கியது. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது: எப்போதோ மூடிப்போன ஒரு கண்ணாடித் தொழிற்சாலை; பழைய முதலாளியிடம் அனுமதி வாங்கி அதன் புத்தகங்களைப் பார்த்திருந்தாள். அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையின் தலைமைக் கணக்காளர் அவளுடைய அப்பா. நஷ்டத்தை ஒரு வருடம் மறைத்தவர்தான். ஆனால் போனஸ் இல்லை, ஆறு மாதச் சம்பளமே வரவில்லை. தொழிற்சாலை மூடியதும் ஊர் அவரைத் திருடன் என்றது. அந்தச் சொல்லோடே செத்துப்போனார். அவள் இந்த ஆய்வுக்கு வந்ததே அவருக்காகத்தான். இருந்தும் அட்டவணையிலிருந்து அவரை எடுத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வில், வெளியூர்த் தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டினார். "அனுமதிக் கடிதம் எண்பத்துநாலு இருக்கு. அட்டவணையில எண்பத்துமூணுதான். ஒண்ணு எங்கம்மா?"

புத்தகங்கள் முழுசாகக் கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும், பட்டம் கையில். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டத்துக்காக அட்டவணையைத் திருத்தியவள் அவள்தான்; அப்பாவைப் பிடிக்க முடியாத கோட்பாடு அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்கப்பா வேலை பார்த்த இடம் சார். கோட்பாட்டுக்கு ஒத்துவரல. எடுத்துட்டேன்."

"ஒத்துவராத இடத்துலதானம்மா கோட்பாட்டைச் சோதிக்கணும். அவர் ஏன் செஞ்சாரு?"

"தெரியல சார். தேடவே இல்ல."

தேடி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு வருட அவகாசம்.

வீட்டில் தம்பி இனிப்புப் பெட்டியோடு காத்திருந்தான். "என்னக்கா, டாக்டர் ஆயாச்சா?"

"இல்லடா. அப்பாவை விட்டுட்டு எழுதினேன். ஒரு வருஷம் தள்ளிப்போட்டாங்க."

அவன் பெட்டியை மேசைமேல் வைத்தான். "அப்பாவும் முதலாளிகிட்ட ஒரு வருஷம்தான் கேட்டாராம். நஷ்டத்தைக் காட்டினா முந்நூறு பேருக்கு வேலை போயிடும், அதுக்குள்ள நிமிர்ந்துடலாம்னு."

"யாருடா சொன்னா?"

"அப்பாதான், ஆஸ்பத்திரியில. நீ புத்தகத்தைத்தானேக்கா புரட்டிட்டு இருந்த. என்னை ஒரு தடவைகூடக் கேக்கல."